தங்கச்சியின் புத்தகத்தில் ரயில் ஓட்டுகிறவன்

தங்கச்சியின் புத்தகக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா. அரக்குச் சேலை, மேலே பனிக்கால ஜக்கெட். உள்ளே சூடாக இருந்தது. கழற்றச் சொன்னால் கேட்கவில்லை. மடியில் ஒரு துணிப்பை.

என் மனிசி. அரைநாள் லீவு போட்டு வந்தவள்.

மகள். பத்தாம் வகுப்பு. எங்களோடு இருக்க வெட்கம். முன்வரிசையில் தன் வகுப்போடு இருந்தாள்.

அந்த வகுப்புப் பிள்ளைகள், ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களின் நோர்வேஜிய ஆசிரியை.

அம்மருட்டில் எங்களுக்குக் கீழ்வீட்டு அங்கிள், அன்ரி. அன்ரி பட்டு உடுத்திருந்தா.

தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். பேசச் சொன்னால் பேசுவார். சொல்லாவிட்டாலும் பேசுவார்.

ஸ்தவாங்கரிலிருந்து சித்தப்பாவின் மகன். எண்ணெய்க் கம்பனியில் இஞ்சினியர். கழுத்தில் டை.

என்னோடு வேலை செய்கிற சோமாலிக்காரன் ஒருவன். அவனும் ரயில் ஓட்டுகிறவன்.

புத்தகத்தைப் பிரெஞ்சிலிருந்து நோர்வேஜியனுக்கு மாற்றிய பெண். நூலகத்துப் பெண். மூலையில் மேசை போட்டுப் புத்தகம் விற்க வந்த பெண்.

என் தங்கச்சி. அவளுக்காகத்தான் இவ்வளவு பேரும் வந்தது. பிரெஞ்சு மொழியில் கதை எழுதுகிறவள். சின்னப் பிள்ளைகளுக்கும் இல்லை, பெரியவர்களுக்கும் இல்லை. பதின்மூன்று பதினாலிலிருந்து பதினேழு பதினெட்டு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு.

பிறகு நான். பின்வரிசை, கதவுக்குப் பக்கத்துக் கதிரை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்ல முதல் பழையது கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாங்கள் மட்டக்களப்பு. அப்பா முதலில் வந்தவர். வடக்கே குளிருக்குள் ஒரு மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து அம்மருட்டில் வீடு எடுத்து எங்களைக் கூப்பிட்டார். உயரமான கட்டடம். ஜன்னலால் பார்த்தால் ரயில் தெரியும். எனக்குப் பதினொரு வயது. தங்கச்சி அதன்பிறகு இங்கே பிறந்தவள். அவளுக்கும் எனக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம்.

ஒஸ்லோவில் யாழ்ப்பாணத்து ஆக்களோடு கதைத்துக் கதைத்து என் பேச்சும் தங்கச்சியின் பேச்சும் மாறிவிட்டது. அம்மாவின் பேச்சு மாறவில்லை. அம்மாவே மாறவில்லை.

எனக்குப் பதினேழு நடக்கும்போது அப்பா பஸ் தரிப்பில் விழுந்தார், எழும்பவில்லை. இதயம் என்றார்கள். அந்தத் தவணையோடு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒருத்தரும் போகாதே என்று சொல்லவில்லை. வீட்டு வாடகை இருந்தது, தங்கச்சிக்கு நாலு வயது, அவ்வளவுதான். அம்மா முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலைக்குப் போனா. நான் ரயில் நிலையங்களில் துப்புரவு வேலை செய்தேன். சில வருசத்தால் ரயில் ஓட்ட ஆள் எடுத்தார்கள். பழகினேன். ஓட்டத் தொடங்கினேன். நகரத்துக்குள் ஓடுகிற ரயில். அஞ்சாம் இலக்கம். எங்கள் பக்கத்தில் வெஸ்ட்லிதான் அதன் கடைசி நிலையம்.

நான் ஓட்டத் தொடங்கின புதிதில் தங்கச்சி நாலாம் வகுப்பு. அம்மாவுக்குப் பின்னேர வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் ஆள் இல்லை. தனிய இருக்க அவளுக்குப் பயம். அம்மருட் நிலையத்தில் நின்று, என் ரயில் வரப் பார்த்து ஏறுவாள். முதல் பெட்டி. என் கதவுக்குப் பின்னால் இருக்கிற இருக்கை. அங்கே இருந்து வீட்டுப்பாடம் செய்வாள். நகரத்தைக் கடந்து அந்தப் பக்க முனைக்குப் போய், திரும்ப வெஸ்ட்லிக்கு வருவோம். ரொம்சோஸ் நிலையம் மலைக்குள் இருக்கிறது. அங்கே ஜன்னல் கறுப்பாகிவிடும். அப்போது மட்டும் எழுதுவதை நிற்பாட்டிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பாளாம். இது எனக்குப் பிறகுதான் தெரியும். புத்தகத்தில் இருந்தது.

வெஸ்ட்லியில் தண்டவாளம் முடிந்துவிடும். ஓட்டுகிறவன் இறங்கி, மேடை நீளத்துக்கும் நடந்து, மற்ற முனையில் ஏற வேண்டும். கடைசிப் பெட்டி முதல் பெட்டி ஆகிவிடும். அவளும் புத்தகப் பையோடு இறங்கி என்னோடு நடப்பாள். எங்கள் கதை எல்லாம் அந்த நடையில்தான். சில நாளில் என்னிடம் தோடம்பழம் இருக்கும். கையுறையைக் கழற்றி, நடந்து நடந்து உரித்துப் பாதிச் சுளையைக் கொடுப்பேன். தோலை ஜக்கெட் பைக்குள் போடுவேன். பனிக்காலம் முழுக்க என் ஜக்கெட்டில் தோடம்பழ மணம்.

"அண்ணா, அந்த நீல ஜக்கெட் மனிசி ஒரு உளவாளி."

"எப்பிடித் தெரியும்?"

"இண்டைக்கு ரெண்டு தரம் ஏறினவ."

"பல்லு டொக்டரிட்டப் போட்டு வாறா."

"உளவாளிக்குப் பல்லு நோகாதோ?"

ஏறிக் கதவைப் பூட்டினேன்.

ஒரு நாள் என்னையே கேட்டாள்.

"அண்ணா, நீங்கள் இந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனதை எல்லாம் திருப்பி அந்தப் பக்கம் ஓட்டுறீங்கள். அலுப்பு இல்லையோ?"

"இல்லை."

"ஏன்?"

"ஆக்கள் வேற."

அதை எங்கேயோ எழுதி வைத்தாள் போல. அதுவும் புத்தகத்தில் இருந்தது.

எட்டாம் வகுப்பில் பிள்ளைகள் இன்னொரு மொழி எடுக்க வேண்டும். ஜெர்மன், ஸ்பானிஷ், பிரெஞ்சு. எல்லாரும் ஸ்பானிஷ் எடுத்தார்கள். இவள் பிரெஞ்சு.

"ஏன் பிரெஞ்சு?" என்று கேட்டேன்.

"எங்கட வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான்."

பகிடி என்று நினைத்தேன்.

பதினாறு வயதில் பிரான்சுக்குப் படிக்கப் போகக் கேட்டாள். நோர்வேப் பிள்ளைகள் சிலரை அங்கே ஒரு பள்ளிக்கூடம் எடுக்கும், விடுதியில் இருந்து மூன்று வருசம் படிக்கலாம். ஆசிரியை இவளைப் போகச் சொல்லியிருக்கிறா. அம்மா இரண்டு நாள் சமைக்கவில்லை.

"அங்க ஆரு இரிக்கா புள்ளைக்கு? ஒரு சொந்தம் உண்டா, சாதி சனம் உண்டா?"

"பாரிசில எங்கட ஆக்கள் நிறைய இருக்கினம் அம்மா," என்றாள் தங்கச்சி.

"நீ போற ஊர் பாரிசா?"

"இல்லை."

"பொறகென்ன கா கதை."

அம்மா என்னைப் பார்த்தா. தங்கச்சியும் என்னைப் பார்த்தாள். நான் வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"போகட்டும்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னது. அந்தச் சனிக்கிழமை சூட்கேஸ் வாங்கிக் கொடுத்தேன். சக்கரம் வைத்தது, சிவப்பு. அந்த ஒரு சொல்லுக்கும் அந்தச் சூட்கேசுக்கும் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. ஆனால் அதில் சூட்கேஸ் பச்சை.

போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். பல்கலைக்கழகம் போனாள். பாண் சுடுகிற கடையில் வேலைக்கு நின்றாள். சம்பளத்துக்கு மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. அங்கே இருந்து எழுதத் தொடங்கினாள். முதல் புத்தகத்தை எத்தனையோ இடத்துக்கு அனுப்பினாள். வேண்டாம் என்றார்கள். ஒரு சின்னப் பதிப்பகம் எடுத்தது. அதன் பிறகு வருசம் ரெண்டு வருசத்துக்கு ஒன்று. இப்போது அஞ்சு.

எழுத்தை மட்டும் வைத்துச் சீவிக்க ஏலாதாம். அங்கே அப்படி எழுதுகிறவர்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவார்கள். பிள்ளைகள் புத்தகத்தை வாசித்துவிட்டுக் காத்திருப்பார்கள். கேள்வி கேட்பார்கள். கிழமையில் மூன்று நாள் ரயிலில்தான் இருப்பாள். ரெலிபோன் எடுத்தால் பின்னால் நிலையத்து அறிவிப்புக் கேட்கும்.

"ரயிலிலயோ நிக்கிறாய்?"

"ஓம் அண்ணா. நீங்கள்?"

"நானும்."

இருவரும் சிரிப்போம். அதோடு கதை முடிந்துவிடும். அவளுக்கும் நிலையம் வந்துவிடும், எனக்கும் ஓய்வு முடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் அந்தப் புத்தகங்களை ஒருத்தரும் வாசிக்கவில்லை. வாசிக்க ஏலாது. அம்மா தூசு தட்டி அடுக்கி வைப்பா. முதல் புத்தகத்தின் அட்டையில் பனி, ஒரு ரயில், ஜன்னலில் ஒரு பிள்ளை. நான் சில நேரம் எடுத்துப் பார்ப்பேன். வைத்துவிடுவேன்.

கீழ்வீட்டு அங்கிள் வரும்போதெல்லாம் சொல்லுவார். "தமிழில நாலு வரி எழுதத் தெரியாது. பிரெஞ்சில அஞ்சு புத்தகம்."

அம்மா விடமாட்டா. "ஒங்கட மகனுக்குத் தமிழ் நல்லா வரும்தானே. அவர் எத்தின புத்தகம் எழுதினவர்?"

அம்மாவுக்கும் அவளிடம் கேள்வி இருந்தது. "ஏன் புள்ள, பெரிய ஆக்களுக்கு எழுதினா என்ன?"

"பெரிய ஆக்கள் வாசிச்சுப்போட்டு நல்லா இருக்கு எண்டுவினம் அம்மா. இந்தப் பிள்ளையள் வாசிச்சுப்போட்டு, ஏன் அப்பிடிச் செய்தனீங்கள் எண்டு சண்டைக்கு வருவினம்."

"சண்டை நல்லதா?"

"நல்லது."

ஒருமுறை பரிசு கிடைத்தது. பெரிய ஆக்கள் கொடுத்த பரிசு இல்லை. ஒரு மாவட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருசம் முழுக்க வாசித்துத் தெரிந்தெடுத்துக் கொடுத்தது. களிமண்ணில் ஒரு ஆந்தை. பிள்ளைகளே செய்து சூளையில் வைத்தது. ஒரு கண் பெரிது, ஒரு கண் சின்னது. அவள் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அவிழ்த்துப் பார்த்துவிட்டு அப்படியே மேசையில் வைத்தா.

"ஆந்தையையா குடுத்தானுகள்?"

"அங்கை அது புத்திக்கு அடையாளம் அம்மா."

"இங்க அது வேற."

எறியவும் மனமில்லை. உள்ளே வைக்கவும் பயம். பல்கனியில் வைத்தா, முகம் வெளியே பார்க்க. இப்போதும் அங்கேதான். பனி விழுந்தால் தலையில் தொப்பி போட்ட மாதிரி இருக்கும்.

போன இலையுதிர் காலத்தில் அவள் ரெலிபோன் எடுத்தாள். பின்னால் நிலையத்துச் சத்தம் இல்லை. வீட்டில் இருந்து எடுத்திருக்கிறாள்.

"அண்ணா, முதல் புத்தகம் நோர்வேஜியனில வரப்போகுது."

"நல்லது."

"அதில ஒரு அண்ணா இருக்கிறார்."

"ம்."

"ரயில் ஓட்டுறார்."

"ம்."

"பிரெஞ்சில எழுதேக்க உங்களைத் தெரிஞ்ச ஒருத்தரும் வாசிக்க மாட்டினம் எண்டு எழுதினனான். இப்ப வாசிப்பினம். உங்கட வேலையாக்கள், மகளின்ர பள்ளிக்கூடம், எல்லாரும். நீங்கள் வாசிச்சு ஓம் எண்டு சொன்னால்தான் விடுவன். வேண்டாம் எண்டால் விடமாட்டன்."

"அனுப்பு," என்றேன்.

கடதாசிக் கட்டாக வந்தது. நான் வாசிக்கிற ஆள் இல்லை. வேலை அறிவித்தல் வாசிப்பேன், மகளின் பள்ளிக்கூடத் தகவல் வாசிப்பேன். நோர்வேஜியனில் ஒரு முழுக் கதை முன்பு வாசித்ததில்லை. வெஸ்ட்லியில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு ஓய்வறை இருக்கிறது. கோப்பி மெசின், நாலு கதிரை. இடைவேளைகளில் அங்கே வைத்து வாசித்தேன். விரல் வைத்துத்தான் வாசித்தேன்.

சோமாலிக்காரன் எட்டிப் பார்த்தான். "என்ன, சோதனை எழுதப் போறியா?"

"தங்கச்சியின் புத்தகம்."

"நல்லா இருக்கா?"

"அதில் நான் இருக்கிறேன்."

"அப்ப நல்லா இராது."

நல்லாத்தான் இருந்தது. தோடம்பழம் இருந்தது. நீல ஜக்கெட் மனிசி இருந்தா, உண்மையிலேயே உளவாளியாக. அப்பாவின் செத்தவீடு இருந்தது. அன்றைக்கு அண்ணன் அழவில்லை, தங்கச்சியின் சப்பாத்து நாடாவைக் கட்டிக் கட்டி அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நின்றான் என்று எழுதியிருந்தாள். எனக்கு அது ஞாபகம் இல்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அந்த இடத்தில் கட்டை மூடி வைத்துவிட்டுப் போய் ரயிலை எடுத்தேன். அந்த ஓட்டம் முழுக்க அப்பா அடிக்கிற சவர லோஷன் மணம் என்னோடு வந்தது. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு.

கடைசி அத்தியாயத்தில்தான் பிழை.

அதில் அண்ணன் பெரிய வகுப்புக்குத் திரும்பப் போகிறான். பின்னேரப் பள்ளிக்கூடம். சோதனை பாஸ் பண்ணுகிறான். ரயில் வேலையை விடுகிறான். சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வருகிறான், வெயில் அடிக்கிறது. தங்கச்சி பச்சைச் சூட்கேசோடு வாசலில் நிற்கிறாள். கதை முடிந்தது.

இரண்டு தரம் வாசித்தேன். பிறகு அவளுக்கு எடுத்தேன்.

"கடைசி அத்தியாயம் நடக்கேல்லை."

"தெரியும் அண்ணா. கதைதானே."

"மற்றதெல்லாம் நடந்தது."

"ஓம்."

"நான் ரயிலை விட்டுப் போக ஆசைப்பட்டனான் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

அந்தப் பக்கம் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஒருத்தரும் சொல்லேல்லை," என்றாள். "சரி அண்ணா. நோர்வேஜியன் வேண்டாம். நான் அவைக்கு அறிவிக்கிறன்."

"பொறு. யோசிக்கிறன்."

யோசித்தேன். கோபம் என்று சொல்ல ஏலாது. இவ்வளவு காலமும் என் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு என்னைப் பாவம் என்று பார்த்திருக்கிறாள் போல என்று ஒரு நினைப்பு. வேலையிடத்தில் வாசிப்பார்கள். வாசித்துவிட்டு என்னை வேறு மாதிரிப் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவளுக்கு அது முதல் புத்தகம். பிறந்த ஊரில், பிறந்த ஊர் மொழியில் வரப்போகிறது. அதற்கு நான் குறுக்கே நிற்கிறேன். மனிசியிடம் சொன்னேன். "நீங்கள் ரெண்டு பேரும் கதையுங்கோ. இதில நான் என்ன சொல்ல?" என்றுவிட்டாள்.

மார்கழியில் நத்தார் விடுமுறைக்குத் தங்கச்சி வந்தாள். வந்த ரெண்டாம் நாள் நான் வேலை. அம்மருட் நிலையத்தில் ரயிலை நிற்பாட்டினால், மேடையில் அவள் நிற்கிறாள். சிவப்புச் சால்வை. முப்பத்தைந்து வயது. முதல் பெட்டியில் ஏறினாள். பழைய இடத்தில் இருந்திருப்பாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க ஏலாது. இருக்கிறாள் என்று தெரியும்.

வெஸ்ட்லியில் இறங்கினேன். அவளும் இறங்கினாள். நடந்தோம். பனி சப்பாத்துக்குக் கீழே நொறுங்கியது. அவள் தன் பையிலிருந்து தோடம்பழம் எடுத்தாள். இந்த முறை அவள் உரித்தாள்.

"அண்ணா, பிரான்சில நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் ஒரு பிள்ளை எழும்பிக் கேக்கும். அந்த அண்ணா உண்மையான ஆளோ? உண்மையிலயே படிச்சு முடிச்சவரோ?"

"நீ என்ன சொல்லுறனீ?"

"ஓம் எண்டு சொல்லுறனான்."

"பொய்."

"பொய்தான். எப்பவும் ஒரே மாதிரியான பிள்ளைதான் கேக்கும். முகத்தைப் பார்த்தாத் தெரியும். வீட்டில அண்ணாவோ அக்காவோ படிப்பை விட்டுப்போட்டு வேலைக்குப் போயிருக்கும். இல்லாட்டி தானே போக வேண்டி வரும். அந்தப் பிள்ளைக்கு இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வராது."

பாதிப் பழத்தை என் கையில் வைத்தாள். குளிரில் பல் கூசியது.

"உங்களைப் பாவம் எண்டு நினைச்சு எழுதேல்லை அண்ணா. நீங்கள் படிப்பை விட்டது என்னால எண்டு நினைச்சு எழுதினது."

நாங்கள் மற்ற முனைக்கு வந்துவிட்டோம். நேரமும் ஆகிவிட்டது. தோலை ஜக்கெட் பைக்குள் போட்டேன்.

"புத்தகம் வரட்டும்," என்றேன். "எழுதினபடியே வரட்டும். ஆனால் என்னை ஆரும் கேட்டால் நான் உள்ளதைத்தான் சொல்லுவன்."

"சொல்லுங்கோ," என்றாள். முகம் சரியில்லை. ஏறினேன். அவள் மறுபடி என் பின்னால் இருந்தாள்.

வசந்தத்தில் புத்தகம் வந்தது. எங்கள் பக்கத்து நூலகத்தில் கூட்டம் வைத்தார்கள். அதற்குத்தான் முதலில் சொன்ன எல்லாரும் வந்தது.

அன்றைக்குக் காலையிலேயே அவளுக்குச் சொல்லிவிட்டேன். "நான் பின்னால இருப்பன். முன்னுக்குக் கூப்பிடாதை." சரி என்றாள். நான் என்ன சொல்லுவேன் என்று அவளுக்குப் பயம் இருந்தது. முகத்தில் தெரிந்தது.

இரண்டு கதிரை, ஒரு சின்ன மேசை, தண்ணீர். நூலகத்துப் பெண் கேட்டா, இவள் சொன்னாள்.

"ஏன் பிரெஞ்சில் எழுதுகிறீர்கள்?"

"நோர்வேஜியன் பள்ளிக்கூடத்து மொழி. தமிழ் அம்மாவின் மொழி. இரண்டிலும் எனக்கு முன்னால் ஆக்கள் இருந்தார்கள். பிரெஞ்சில் எங்கள் வீட்டில் நான்தான் முதல் ஆள். அங்கே பிழை விட்டாலும் பரவாயில்லை."

அம்மாவுக்கு என் மகள் முன்வரிசையிலிருந்து திரும்பித் தமிழில் சொன்னாள். அம்மா, "புழ விடத்தான் அங்க போனவளா?" என்றா. கொஞ்சம் சத்தமாக. அன்ரி சிரித்தா.

தங்கச்சி தோடம்பழப் பகுதியை வாசித்தாள். கடைசி அத்தியாயத்தைத் தொடவில்லை. கைதட்டினார்கள். நூலகத்துப் பெண் எழும்பி நன்றி சொன்னா. புத்தகம் அந்த மேசையில் இருக்கிறது, வாங்கலாம், கையெழுத்துப் போட்டுத் தருவா என்றா.

ஒருத்தரும் எழும்பவில்லை.

எங்கள் ஆக்களுக்குப் புத்தக வெளியீடு என்றால் ஒரு முறை இருக்கிறது. முதற்பிரதி கொடுக்க வேண்டும். ஒரு பெரிய மனிசன் எழும்பி வந்து இரண்டு கையாலும் வாங்க வேண்டும். படம் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வாங்குவார்கள். அதற்கு முதல் போய் வாங்கினால் மரியாதை இல்லை. புத்தகம் கடைக்கு வந்து ஒரு கிழமை ஆகிவிட்டது, அது வேறு கதை. எங்கள் ஆக்கள் மடியில் பையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நாங்கள் இருப்பதைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆசிரியையும் இன்னும் ஏதோ இருக்கிறது என்று நினைத்து இருந்தா. புத்தகம் விற்கிற பெண் அடுக்கை நேராக்கினா. பிறகு மறுபடியும் நேராக்கினா.

வாத்தியார் அங்கிளின் பக்கம் சரிந்தார். "முதற்பிரதி இன்னும் குடுக்கேல்லையே."

"ஆர் வாங்கிறது?"

"ஆராவது பிரமுகர்."

"ஸ்தவாங்கர்த் தம்பி வந்திருக்கிறார்தானே. இஞ்சினியர்."

சித்தப்பாவின் மகன் டையைச் சரிசெய்தான். வாத்தியாரும் தொண்டையைச் செருமினார்.

அம்மா எழும்பினா. துணிப்பையைத் திறந்தா. உள்ளே பொன்னாடை. தமிழ்க் கடையில் சொல்லி எடுப்பித்தது, எங்களுக்குச் சொல்லவில்லை.

"புள்ள," என்றா. முழு நூலகத்துக்கும் கேட்டது. "முதல் புத்தகத்த ஒன்ட அண்ணனுக்குக் குடு கா. சனம் பாத்துக்கிட்டு இரிக்கி."

தங்கச்சி நூலகத்துப் பெண்ணுக்கு நோர்வேஜியனில் முறையைச் சொன்னாள். அந்தப் பெண், "அப்படியா, நல்ல வழக்கம்," என்றா. தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம் எண்டால் இருங்கோ அண்ணா."

எழும்பினேன். முன்னுக்கு நடந்தேன். வெஸ்ட்லி மேடையை விடக் கிட்டத்தான். இரண்டு கையாலும் வாங்கினேன். அம்மா பொன்னாடையைத் தங்கச்சியின் தோளில் போட்டா. அது வழுக்கி விழுந்தது, திரும்பப் போட்டா. மனிசி படம் எடுத்தாள். சோமாலிக்காரன் விசிலடித்தான். என் மகள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். பிறகு விரல் இடுக்கால் பார்த்தாள்.

திரும்பப் போக வெளிக்கிட்டேன். அப்போது முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மகளின் வகுப்புப் பிள்ளை. தலையில் கறுப்பு முக்காடு. மடியில் புத்தகம், நடுவிலும் கடைசியிலும் கடதாசித் துண்டு செருகியிருந்தது. வகுப்பில் முதலே வாசித்திருக்கிறார்கள்.

"இவர்தான் அந்த அண்ணாவா?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றாள் தங்கச்சி.

பிள்ளை என்னைப் பார்த்தாள். "நீங்கள் உண்மையிலேயே திரும்பப் பள்ளிக்கூடம் போனீர்களா?"

தங்கச்சி சொன்னது சரி. முகத்தைப் பார்த்தால் தெரியும். வீட்டில் ஆரோ ஒருத்தர் படிப்பை விட்டு வேலைக்குப் போன பிள்ளை. தங்கச்சி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். சால்வை மாதிரி அந்தப் பொன்னாடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இல்லை," என்றேன். "போகவில்லை."

"பிறகு என்ன செய்தீர்கள்?"

"ரயில் ஓட்டினேன்."

"இப்பவும் ஓட்டுகிறீர்களா?"

"இப்பவும்தான். அஞ்சாம் இலக்கம். நீ ஏறியிருப்பாய்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னும் ஒன்று கேட்க இருந்தது.

"உங்களுக்கு அது பிடிக்குமா?"

"பிடிக்கும்."

தங்கச்சி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"எத்தனை வருசமாக ஓட்டுகிறீர்கள்?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

"இருபத்தாறு."